கிணற்றிலிருந்து தொடங்கும் படம்

வீட்டை விட்டு இடம்பெயர்ந்தவர்களிடம், அந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார் யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன். 80 வீடுகள் அப்படிச் சேர்ந்தன. கீறியவர்களில் தமிழர் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் இருந்தார்கள். ஒவ்வொருவருடைய கைக்கோட்டுப் படத்தோடும், அதையே கட்டடக்கலை முறைப்படி மீள வரைந்த படத்தையும் தன்னுடைய சித்திரத்தையும் சேர்த்து, பழைய கந்தோர்க் கோப்பு ஒன்றின் தோற்றத்தில் அவர் ஆக்கிய நூல் 2011இல் வந்தது. ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்று பெயர். வெளியிட்டது ‘ரேக்கிங் லீவ்ஸ்’.

தோம்பு, போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக எழுதிவைத்த காணிப் பதிவேடு. எந்தக் காணி யாருடையது, எவ்வளவு நிலம், என்னென்ன பயன்மரம், என்ன இறை என்பதெல்லாம் அதில் ஏறும். ஆள்பவன் வசதிக்காக எழுதியது. அந்த ஏட்டின் வடிவத்தை எடுத்து, அதில் ஒருகாலத்தில் வெறும் பெயராகப் பதியப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையிலே கொடுத்துவிட்டார் சனாதனன். எங்கள் காலத்து ஈழத்துக் கலையில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

சனாதனன் டில்லியில் முறையாகப் படித்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். ஆனால் அந்த நூலில் முதற்கோடு அவருடையதன்று. பென்சில் பிடித்துப் பழக்கமில்லாத கைகள் இழுத்த கோடு அது. சுவர் கோணிப்போகும், அறை ஒன்று பக்கத்து அறையை இடிக்கும், அளவு எங்கேயும் சரிவராது. அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் தீவுப்பகுதிக்குப் போக வேண்டும் என்று எனக்குப் பட்டது. 1990இலும் 1991இலும் நடந்த படை நடவடிக்கைகளில் வேலணையும் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் ஏறத்தாழ முழுதாகவே வெறித்துப்போயின. போனவர்களில் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. வீடு வீடாகக் கீறவேண்டிய நிலம் ஒன்று இருக்குமென்றால் அது இதுதான்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் போகும் பஸ் பண்ணையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பரவைக்கடல். முழங்காலளவு நீரில் மீன்பிடிக் களங்கட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆட்கள் வள்ளத்தை விட்டு இறங்கி நடந்துபோகிறார்கள். மண்டைதீவுச் சந்தி, பிறகு அல்லைப்பிட்டி. எழுத்தாளர் ஷோபாசக்தியின் ஊர். ‘கொரில்லா’வை வாசித்தவர்களுக்கு இந்த ஊரின் மணல் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேலணையில் இறங்கி ஊர்காவற்றுறைக்குப் பஸ் மாறினேன்.

ஊர்காவற்றுறைத் துறைமுகம் இப்போது அமைதியான சின்ன இறங்குதுறை. எதிரே காரைநகர், இடையில் நீருக்குள் கடற்கோட்டை. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது, இன்று கடற்படையின் விடுதி. வன்னியில் பிடித்த யானைகளை ஒருகாலத்தில் இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேற்றினார்கள். அந்தப் பெருந்துறையின் அடையாளமாகக் கரையோரத்தில் எஞ்சியிருப்பவை, கூரை போன சில கட்டடங்களும் சுவர் வெடிப்புகளில் வேரூன்றிய ஆலங்கன்றுகளும். தமிழ் ஆய்வை உலக அரங்குக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன் பக்கத்தில்தான். அதிக நேரம் நிற்கவில்லை. நெடுந்தீவுப் படகைப் பிடிக்க வேண்டும்.

புங்குடுதீவின் மேற்கு முனையில் இருக்கிறது குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் அரைமணிக்கும் குறைவு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமளவு. நெடுந்தீவார் ‘குமுதினி’ என்று சொல்லும்போது குரல் மாறுவதைக் கவனிக்கலாம். 1985 மே 15ஆம் நாள், தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பேரை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். அதன் பிறகும் அதே படகு திருத்தப்பட்டுப் பல ஆண்டுகள் அதே சனத்தை ஏற்றி இறக்கியது. உறவினர் செத்த பலகையில் உட்கார்ந்து சந்தைக்குப் போய்வந்த ஒரு தீவு இது. நெடுந்தீவில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

நெடுந்தீவில் முதலில் கண்ணைப் பிடிப்பது வேலி. யாழ்ப்பாணத்தின் கிடுகு வேலியும் கதியால் வேலியும் இங்கே இல்லை. கடலிலிருந்து வந்த பவளக் கற்களைச் சாந்தில்லாமல் மார்பளவுக்கு அடுக்கிய கல்வேலிதான் ஒவ்வொரு வளவையும் சுற்றி ஓடுகிறது. ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு வேலியருகே போய் நின்றேன். ஒரு கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள். அதற்கு மேலிருந்த கல்லில் வளைந்து வளைந்து ஓடும் வரிகள், ஒன்றையொன்று தொடாமல். இன்னொன்றில் ஊசி முனையளவு துளைகள் நெருக்கமாக, விரலால் தடவினால் அரம்போலச் சுரண்டும். கல் அடுக்கிய ஆள் நல்ல முகத்தை வெளியே பார்க்க வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன்; இத்தனை கற்களில் கோலம் இப்படித் தானாக வெளியே திரும்பியிருக்காது.

அந்த வேலியருகே நிற்கையில்தான் ஃபிரெடரிக் புரூலி புவாப்ரேயை நினைத்துக்கொண்டேன். 1923 அளவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்த பெத்தே இனத்தவர். எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்காதவர். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். 1948 மார்ச் 11ஆம் நாள் வானத்தில் ஏழு நிறச் சூரியன்களைக் கண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து ‘மறவாதவன்’ என்று பொருள்படும் பெயர் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, தன் இனத்தின் கதைகளையும் வழக்கங்களையும் எழுதவும் வரையவும் தொடங்கினார். பெத்தே மொழிக்கு அப்போது எழுத்து இல்லை. பெக்கோரா என்ற ஊரில் கிடைக்கும் சிறுகற்களில் இயற்கையாக அமைந்த வடிவங்களைப் பழைய எழுத்தென்று கண்ட அவர், 400க்கு மேற்பட்ட சித்திரக் குறிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையையே ஆக்கினார். அசை ஒன்றுக்கு ஒரு படம்.

பிற்காலத்தில் அவர் வரைந்ததெல்லாம் அஞ்சலட்டை அளவு அட்டைகளில்தான். பொருள்கள் பொதிந்து வந்த பெட்டிகளை வெட்டி எடுத்த அட்டை. கருவி, போல்பொயின்ட் பேனாவும் கலர்ப் பென்சிலும். நடுவில் படம், நான்கு ஓரத்தையும் சுற்றி விளக்கம். வாழைப்பழத் தோலில் கண்ட கறை, மேகத்தின் வடிவம், ஊர்ப் பழங்கதை எல்லாம் அந்தச் செவ்வகத்துக்குள் வந்தன. 1989இல் பாரிசில் நடந்த ‘மஜிசியன் த லா தேர்’ கண்காட்சிக்குப் பிறகு உலகம் அவரைக் கண்டது. 2014இல் இறந்தார். 2022இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி வைத்தது.

இப்படிப்பட்டவர்களை மேற்கத்திய விமர்சகர் சிலர் வெகுளிக் கலைஞர் என்று ஒரு மூலையில் ஒதுக்குவார்கள். அது சரியல்ல. கந்தோரில் ஆண்டுக்கணக்காகப் பதிவேடு நிரப்பிய ஒருவருக்குப் பதிவேடு என்றால் என்ன, அதில் யார் பெயர் ஏறும், யார் கதை ஏறாது என்பது நன்றாகத் தெரியும். அவருடைய ஆயிரமாயிரம் அட்டைகளும், எழுதப்படாத மக்களுக்காக அவர் தனியாக இருந்து நிரப்பிய பதிவேடுதான். ஒரே அளவு, ஒரே ஒழுங்கு, ஓரத்தில் விளக்கம். எழுதுவினைஞரின் கை அதில் தெரிகிறது. சனாதனன் தோம்பை எடுத்ததும் புவாப்ரே அட்டையை எடுத்ததும் எனக்கு ஒரே செயலாகத்தான் படுகின்றன. நாட்டை ஆண்டவன் வைத்துப்போன கருவி ஆளப்பட்டவர் கைக்கு வந்திருக்கிறது.

ஆபிரிக்காவை நினைக்க நெடுந்தீவில் இன்னொரு காரணமும் உண்டு. தீவில் நிற்கும் பெருக்க மரம் அந்தக் கண்டத்தின் மரம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. அடிமரத்தில் ஒரு பொந்து. குனிந்து உள்ளே போனால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். ஆசிரியை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். பொந்துக்குள் போன ஒரு பெடியன் வெளியே வர மறுத்துவிட்டான்.

கோட்டையின் பவளக்கல் எச்சம், ஆசுப்பத்திரிப் பக்கத்துப் புறாக்கூடு, குதிரை லாயத்தின் தூண்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். இவற்றுக்கெல்லாம் தொல்லியல் திணைக்களத்துப் பலகை இருக்கிறது. வெளியில் மேயும் குதிரைகள் ஐரோப்பியர் விட்டுப்போனவற்றின் வழி வந்தவை என்கிறார்கள். அவற்றையும் இன்று காக்கிறார்கள். நல்லது. ஆனால் ஒல்லாந்தன் கட்டிய புறாக்கூட்டுக்கு இருக்கும் பலகை, மூன்று தலைமுறை வாழ்ந்து கைவிட்ட நாற்சார் வீட்டுக்கு இந்தத் தீவுகளில் எங்கேயும் நான் காணவில்லை. வேலணையையும் நயினாதீவையும் காரைநகரையும் லெய்டன், ஹார்லெம், அம்ஸ்டர்டாம் என்று தங்கள் ஊர்களின் பெயரால் ஏட்டில் எழுதியவர்கள் ஒல்லாந்தர். அவர்கள் விட்டுப்போனதை நாங்கள் இவ்வளவு கவனமாகக் காப்பது எனக்கு உறுத்துகிறது.

நயினாதீவுக்குப் போனபோது படகு நிறையப் பெண்கள். அருச்சனைத் தட்டு, வாழைப்பழச் சீப்பு, பட்டுச்சேலை. நடுவில் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். நாகபூசணி அம்மன் கோயிலில் கூட்டம். அமுதசுரபி மண்டபத்தில் சோறு. பந்தி பந்தியாக இலை விழுந்துகொண்டே இருந்தது. சிறிது தூரம் நடந்தால் நாக விகாரை. தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகர்களும் அதே படகில்தான் வருகிறார்கள், அதே வெயிலில்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம், தமிழில். கா. இந்திரபாலா வாசித்து வெளியிட்டது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வெளிநாட்டார் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சிங்கள நாட்டு மன்னன், இந்தக் கடலின் நடைமுறையைத் தமிழில் வெட்டிவைத்திருக்கிறான் என்பது பெரிய வரலாறு. பள்ளிக்கூடங்களில் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் இதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கப்பல் உடைந்து கரையேறியவர்கள் பிறகு எங்கே தங்கினார்கள், யார் வீட்டில் சோறு தின்றார்கள் என்பது கல்லில் இல்லை. எந்தக் காலத்திலும் அது ஏடு எழுதுகிறவனின் கவலையாக இருந்ததில்லை.

சனாதனன் இந்தக் குறையை முன்பே கண்டவர். 2004இல், எரிக்கப்பட்டு மீளக் கட்டிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சிக்காக, குடாநாட்டின் 500 வீடுகளிலிருந்து ஆளுக்கொரு பொருளைக் கேட்டு வாங்கிப் போத்தல்களில் வைத்தார். சன்னத் துண்டு, திறப்பு, உடைந்த பொம்மை போன்றவைதான் எந்த வீட்டிலும் அப்படி மிஞ்சும். தோம்பு அதற்குப் பிறகு வந்தது.

திரும்பும் வழியில் புங்குடுதீவில் இறங்கினேன். மு. தளையசிங்கத்தின் ஊர், சு. வில்வரத்தினத்தின் ஊர். சனமெல்லாம் வெளிக்கிட்ட பிறகு காற்று மட்டும் வழிந்தோடிய இந்தத் தீவைத்தான் வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராமம்’ தொகுப்பில் எழுதினார். அவரும் 2006இல் போய்விட்டார். வீதியோரக் கோயில்களுக்குப் புதுக் கோபுரம், பளபளக்கும் வளைவு. சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த பணம். கோயிலைத் தாண்டி ஒழுங்கைக்குள் இறங்கினால் ஓடு போன வீடுகள், கதவுநிலை பிடுங்கிய வாசல்கள், முற்றத்தில் ஆளுயரத்துக்குப் பற்றை. சாமிக்குக் கோபுரம் கட்டுவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சாமி அந்த ஊரைவிட்டுப் போகவில்லையே. போனவர்களின் வீடுதான் தலைமுறை ஒன்றுக்குள் மண்ணாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு படலையடியில் தண்ணீர் கேட்டேன். எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் செம்பில் கொண்டுவந்தார். எதிர்வளவைப் பற்றிக் கேட்டதும் அது தன் சித்தப்பாவின் வீடென்றார். பிள்ளைகள் ரொறன்ரோவில். சுவரில் இரண்டு மட்டும் நிற்கின்றன, மற்றெல்லாம் பற்றை.

“எப்பிடி இருந்ததெண்டு கீறிக் காட்டுவீங்களோ அம்மா?”

“எனக்குப் படம் கீறத் தெரியாது தம்பி. கோலந்தான் போடுவன்.”

கொப்பித் தாளையும் பேனாவையும் நீட்டினேன். அவர் தாளை வாங்கவில்லை. குனிந்து, முற்றத்து மணலைக் கையால் நிரவி, பூவரசங் கம்பொன்றை முறித்தார். நான் வாசலிலிருந்து தொடங்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வட்டம் போட்டார்.

“இது கிணறு. கிணத்தை வெட்டித் தண்ணி நல்லதெண்டு கண்டாப் பிறகுதானே வீடு கட்டினவை.”

தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எவ்வளவு அரிதென்று அந்தக் கணத்தில்தான் எனக்குச் சரியாக உறைத்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் துலாவுக்கு ஒரு நீளக்கோடு. பிறகு தேசிமரம், அதைக் கிணற்றைவிடப் பெரிதாகப் போட்டார். இரண்டு முருங்கை. அதற்குப் பிறகுதான் விறாந்தை, சாமியறை, நடுமுற்றம், குசினி. சாமியறையைக் கீறும்போது கம்பைத் தூக்காமல் ஒரே இழுப்பில் நான்கு மூலையையும் முடித்தார். ஐம்பது அறுபது வருடக் கோலம் பழக்கிய கை. நெல் மூட்டை அடுக்கிய அறைக்கு ஒரு சதுரம். அந்த அறைக்கு யன்னல் இல்லை என்பதற்காகச் சதுரத்தைக் கம்பால் முழுதாகக் கீறிக் கறுப்பாக்கினார். அளவுநாடா வைத்துக் கட்டடக்காரர் ஒருவர் வந்து வரைந்திருந்தால், இருட்டாக இருந்த அறையை இருட்டாகக் காட்ட அவருக்குத் தோன்றியிருக்காது.

பயிலாத கையிடம் இருப்பது இதுதான். எதை விடலாம் என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே தேசிமரத்தையும் விடவில்லை, இருட்டையும் விடவில்லை. புவாப்ரேயின் அட்டையில் வாழைப்பழத்தோலின் கறைக்கும் இடம் கிடைத்தது அப்படித்தான்.

இந்த வயதுக்காரர்கள் தீவுகளில் இன்னும் இருக்கிறார்கள். அதிக காலம் இருக்க மாட்டார்கள். இதற்கென்று பெரிய நிதியோ நிறுவனமோ தேவையில்லை. வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் உள்ள பாடசாலைகள் சித்திரப் பாடத்தில் ஒரு தவணையை இதற்கு ஒதுக்கலாம். பிள்ளை அம்மம்மாவுக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருக்கட்டும். அவர் மணலில் கீறுவதைப் பார்த்துக் கீறட்டும். மரங்களின் பெயரை ஓரத்தில் எழுதட்டும். வெளிநாட்டுச் சங்கங்கள் ஆண்டு மலர் அச்சிடும் செலவில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்தால் ஓர் ஊரின் தோம்பை முழுதாக எழுதிவிடலாம். சனாதனன் வழி காட்டி இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.

நான் மணல் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டிருக்கையில் அந்த அம்மாவின் தம்பி சைக்கிளில் வந்து இறங்கினார். படத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“அக்கா, மாட்டுக்கொட்டில் எங்கை?”

“இஞ்சை, வேலியோடை.”

“அது வெள்ளத்துக்குப் பிறகு மாத்தினது. முந்திக் கோடிப்பக்கம் எல்லோ இருந்தது!”

“நீ அப்ப சின்னப் பொடியன். உனக்கென்ன தெரியும்?”

“பால் கறக்கப் போனது நான். எனக்குத் தெரியாதோ?” என்று அவர் கம்பைப் பறித்து, குசினிக்குப் பின்னால் ஒரு கொட்டிலைக் கீறினார். அம்மா அதைக் காலால் அழித்தார். அவர் திரும்பக் கீறினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் கும்பிட்டுவிட்டு வெளிக்கிட்டேன்; படலை தாண்டும்போது இருவரும் மணலில் குந்தியிருந்து, முதலில் வெள்ளம் வந்தது எந்த வருடம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.